பக்கத்தில இருந்து திருத்திக் குடுக்க ஒரு ஆள்: டெக்னிக்கல் எடிட்டருக்கு என்ன ட்ரெயினிங் வேணும்?

மின்சாரப் பெட்டி ஒண்டுக்கான மேனுவல்ல இப்பிடி ஒரு வரி இருந்திச்சு: "மின்பலகையின் கதவைத் திறப்பதற்கு முன்னர் பிரதான ஆளியை நிறுத்தவும்." நான் வேலைக்குச் சேர்ந்து மூண்டாவது மாசம், அந்த வரியப் பாத்து ஓகே எண்டு விட்டது நான்தான். எழுத்துப்பிழை இல்ல, சந்தி சரி, இங்கிலிஷ் மூலத்தோட ஒப்பிட்டுப் பாத்தா ஒரு சொல்லும் விடுபடல்ல. ரெண்டு நாள் கழிச்சு எங்கட சீனியர் எடிட்டர் அக்கா அந்தப் பிரின்ட் அவுட்ட என்ர மேசையில கொண்டுவந்து வச்சா. "திறப்பதற்கு" எண்ட சொல்லச் சுத்தி பென்சிலால ஒரு வட்டம், பக்கத்தில சின்ன எழுத்தில "இத வாசிக்கிறவர்ட கை இப்ப எங்க இருக்கு?" எண்டு ஒரு கேள்வி. வேற ஒண்டும் எழுதியிருக்கல்ல.

கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவே இல்ல. பிறகுதான் பிடிபட்டுது. இங்கிலிஷில ஆளிய நிறுத்துறது முதல் வருது, கதவத் திறக்கிறது பின்னால வருது, அதாவது சொல் வாற ஒழுங்கும் வேலை செய்யுற ஒழுங்கும் ஒண்டு. தமிழில வினை கடைசியில நிக்கும் எண்டதால அந்த ஒழுங்கு அப்பிடியே தலைகீழாப் போகுது. ஒரு கையில மேனுவலையும் மற்றக் கையில ஸ்க்ரூட்ரைவரையும் வச்சுக்கொண்டு நிக்கிற ஆளுக்கு முதல்ல கண்ணில படுறது "கதவைத் திறப்பதற்கு". அவர் முழு வரியையும் வாசிச்சு முடிச்சிட்டுத்தான் கைய நீட்டுவார் எண்டு ஒருத்தரும் உத்தரவாதம் தர ஏலாது. அக்கா அத ரெண்டு வரியாப் பிரிச்சிருந்தா: "1. பிரதான ஆளியை நிறுத்தவும். 2. மின்பலகையின் கதவைத் திறக்கவும்." அவ்வளவுதான்.

இந்தப் பாடம் நான் படிச்ச எந்த இலக்கணப் புத்தகத்திலயும் இல்ல, நான் போன எந்த வேர்க்ஷொப்பிலயும் ஒருத்தரும் சொல்லித்தரல்ல. இந்தக் கட்டுரைய எழுத உக்காந்ததே அதுக்காகத்தான், ஏனெண்டா கொழும்பில டெக்னிக்கல் எடிட்டர்மாருக்கு ட்ரெயினிங் எண்டு நடக்கிறதுக்கும் அந்த வேலைக்கு உண்மையில தேவைப்படுறதுக்கும் நடுவில பெரிய இடைவெளி இருக்கு, அதால கஷ்டப்படுறது புதுசா வாற பிள்ளைகள்.

முதல்ல இந்த வேலை என்னெண்டு சொல்லிப்போட்டுப் போறன். டெக்னிக்கல் எடிட்டர் எண்டா கதை கவிதை திருத்துற ஆள் இல்ல. ஒருத்தர் வாசிச்சு அதன்படி கையால ஏதோ செய்யப்போற, இல்லாட்டி அத வச்சு ஒரு முடிவெடுக்கப்போற எழுத்தத் திருத்துற ஆள். தண்ணி மோட்டர் மேனுவல், மருந்துப் பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கிற துண்டுச்சீட்டு, களைநாசினி போத்தல் லேபல், டென்டர் டொகியுமென்ட், சொஃப்ட்வெயார் யூசர் கைட், நீர்வழங்கல் ப்ரொஜெக்ட் ஒண்டின்ட வருடாந்த ரிப்போர்ட், பெக்டரி சுவரில ஒட்டுற பாதுகாப்பு அறிவித்தல் எல்லாம் இதுக்குள்ள வரும். 1987இல வந்த 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழியாகிச்சு, அடுத்த வருசம் 16ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றின விஷயங்கள விரிவாச் சொல்லிச்சு, அதால சட்டப்படி தமிழில வரவேண்டிய டொகியுமென்ட் ஏராளம், அத எழுதவும் மொழிபெயர்க்கவும் திருத்தவும் ஆக்கள் வேணும். ஆனா இந்த வேலை செய்யுற ஆக்கள்ட விசிட்டிங் கார்டப் பாத்தீங்கண்டா ட்ரான்ஸ்லேட்டர், கொன்டென்ட் எக்செக்யூட்டிவ், ப்ரொஜெக்ட் அசிஸ்டன்ட் எண்டு என்னென்னவோ இருக்கும், எடிட்டர் எண்டு இருக்கிறது குறைவு. பேர் இல்லாத வேலைக்கு ட்ரெயினிங் பட்ஜெட்டும் இருக்காது, பிரச்சின அங்கயிருந்தே தொடங்குது.

ஒரு காலத்தில பத்திரிகைக் கந்தோர்கள் இந்தப் பயிற்சியக் குடுத்திச்சு. வீரகேசரி 1930, தினகரன் 1932, ரெண்டுமே கொழும்பில தொடங்கின பத்திரிகை, அப்பிடியான இடங்களில ஒப்புநோக்குநர் எண்டு ஒரு பதவி இருந்திச்சு. ஒருத்தர் மூலத்த வாசிப்பார், மற்றவர் அச்சடிச்ச புரூஃபப் பாப்பார். புதுசா வாறவர் பழைய ஆளுக்குப் பக்கத்தில இருந்து வாசிச்சு வாசிச்சே தொழிலப் பழகினார், அதுக்கெண்டு தனியா வகுப்பு வைக்கத் தேவைப்படல்ல. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆளாளுக்கு ஒரு ஸ்க்ரீன், ஃபைல் ஈமெயில்ல போகும், ஈமெயில்லயே திரும்பி வரும். பக்கத்தில இருக்கிறது எண்டதே இல்லாமப் போச்சு. அந்த இடத்த நிரப்ப வந்ததுதான் ஒரு நாள் வேர்க்ஷொப்.

ஒரு நாள் வேர்க்ஷொப்ப நான் குறை சொல்லல்ல, நானும் போயிருக்கிறன். காலம எழுத்துப்பிழை, ற ர, ன ண ந வித்தியாசம், பின்னேரம் திருத்தினது தெரியுற மாதிரி ட்ரெக் சேஞ்ஜஸ் எப்பிடிப் போடுறது, கடைசியில சேர்ட்டிஃபிகேட். ற ர தெரியாம எடிட்டிங் செய்ய ஏலாது, அது உண்மைதான். ஆனா அடுத்த திங்கக்கிழம மேசைக்கு வாறது 140 பக்க டென்டர் டொகியுமென்ட், அதில எங்க கை வைக்கிறது, எங்க கை வைக்கக்கூடாது எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாங்க.

கை வைக்கிற அளவு பற்றி உலகத்தில நல்லா யோசிச்ச ஆக்கள் இருக்கிறாங்க. கலிஃபோர்னியாவில விண்வெளிக் கலங்களுக்கான வேலை நடக்கிற ஜெட் ப்ரொபல்ஷன் லெபோரட்டரியில எடிட்டிங் பிரிவில இருந்த ரொபர்ட் வான் பியூரன், மேரி ஃப்ரான் பியூலர் எண்ட ரெண்டு பேர் 1976இல ஒரு சின்ன வழிகாட்டி எழுதினாங்க, 1980இல அத விரிவாக்கித் திருப்பிப் போட்டாங்க. எடிட்டிங் எண்ட ஒரே சொல்லுக்குள்ள ஒம்பது வகை வேலை இருக்கு எண்டு பிரிச்சு, அந்த ஒம்பதில எத்தினயச் செய்யுறது எண்டதப் பொறுத்து அஞ்சு மட்டம் வச்சாங்க. ஆகக் குறைஞ்ச மட்டத்தில ரெண்டு வகை வேலை மட்டும்தான், ஆகக் கூடின மட்டத்தில ஒம்பதும். இதால என்ன நன்மையெண்டா, எழுதினவரும் எடிட்டரும் காசு குடுக்கிற மேனேஜரும் ஒரே விஷயத்தப் பற்றித்தான் கதைக்கிறாங்க எண்டு உறுதியாகுது. எங்கட ஊரில "கொஞ்சம் பாத்துத் தாங்கோ" எண்டு ஒரு வசனம் இருக்கு, எல்லாருக்கும் தெரியும். குடுக்கிறவர் நினைக்கிறது எழுத்துப்பிழை மட்டும், வாங்கிறவர் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து பந்தி பந்தியாத் திருப்பி எழுதுறார், இல்லாட்டி நேரெதிரா நடக்குது. ரெண்டு பக்கமும் மனஸ்தாபம்.

அந்த ஒம்பதில எனக்கு ஆகப் பிடிச்சது, எங்கட ஊரில ஆக அவசரமா பழக வேண்டியது, உள்ளிணைவு பாக்கிற வேலை. "படம் 7ஐப் பார்க்கவும்" எண்டு இருந்தா படம் 7 இருக்குதா, பொருளடக்கத்தில 32ஆம் பக்கம் எண்டா அது 32இலதான் இருக்குதா, அட்டவணையில இருக்கிற கூட்டுத்தொகை உள்ள இருக்கிற இலக்கங்களக் கூட்டினா வருதா எண்டு பாக்கிறது. இதுக்குப் பெரிய மொழிப்புலமை தேவையில்ல, பொறுமை வேணும். புதுசா வாற ஆளுக்கு முதல் மாசம் இத மட்டும் குடுத்துப் பாருங்க. ஒரு டொகியுமென்ட் எப்பிடிக் கட்டப்பட்டிருக்கு எண்டு கண் தானாப் பழகிரும்.

தமிழுக்கெண்டே சில விஷயம் இருக்கு, அத வெளிநாட்டு கோர்ஸ் ஒண்டும் சொல்லித்தராது, ஏனெண்டா அவங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்ல. தராதரங்கள், ஒப்பந்தங்கள் எழுதுற இங்கிலிஷில ஷல், ஷுட், மே, கேன் எண்ட நாலுக்கும் நாலு வேலை. சர்வதேச தராதர அமைப்பான ஐஎஸ்ஓ தன்ர தராதரங்கள எழுதுற விதிகளில இத வடிவா வகுத்து வச்சிருக்கு, ஷல் எண்டா கட்டாயம், ஷுட் எண்டா பரிந்துரை, மே எண்டா அனுமதி, கேன் எண்டா இயலும். இன்டர்நெட் நியமங்கள் எழுதுற ஆக்களும் 1997இல இப்பிடியான சொற்களுக்கெண்டே ஒரு தனி ஆவணம் போட்டாங்க. இப்ப தமிழுக்கு வாங்க. ஷல், ஷுட் ரெண்டுக்கும் எங்கட கை தானாப் போறது "வேண்டும்" எண்டதுக்கு. மே, கேன் ரெண்டுக்கும் "லாம்". "மாதிரியைச் சமர்ப்பிக்க வேண்டும்" எண்டு டென்டரில இருந்தா, சமர்ப்பிக்காட்டி விண்ணப்பம் நிராகரிக்கப்படுமா, இல்ல சமர்ப்பிச்சா நல்லம் எண்டு சொல்லுறாங்களா? நல்ல எடிட்டர் கட்டாயத்துக்கு "சமர்ப்பித்தல் வேண்டும்", பரிந்துரைக்கு "சமர்ப்பிப்பது விரும்பத்தக்கது" எண்டு முடிவெடுத்து, அந்த முடிவ முதல் பக்கத்திலயே எழுதி, கடைசி வரைக்கும் மாத்தாமக் காப்பாத்துவார். இதிலயும் பெரிய கண்ணி மே நொட். அது "கூடாது" ஆகவும் இருக்கலாம், "இல்லாமலும் போகலாம்" ஆகவும் இருக்கலாம். ஒண்டு தடை, மற்றது வெறும் சாத்தியம். தமிழில ரெண்டில ஒண்டத் தெரிஞ்சே ஆகோணும், தப்பி ஓட வழியில்ல, அதால மூலத்த எழுதினவரக் கேக்கிறதத் தவிர வேற வழியும் இல்ல.

சொல் விஷயமும் இப்பிடித்தான். விமானத் திருத்த மேனுவல்களுக்கெண்டு ஐரோப்பிய விமானத் தொழில்துறை 1986இல எளிமையாக்கின இங்கிலிஷ் ஒண்டக் கொண்டுவந்திச்சு, ஏனெண்டா விமானத்தத் திருத்துற பலருக்கு இங்கிலிஷ் தாய்மொழி இல்ல. அதிட அடிப்படை ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செய்முறை வசனம் 20 சொல்லுக்குள்ள, விளக்க வசனம் 25 சொல்லுக்குள்ள இருக்கோணும். இதத் தமிழில யோசிச்சுப் பாக்க எனக்கு உடன ஞாபகம் வந்தது "போடு". சுவிட்சப் போடு, எண்ணெயப் போடு, மூடியப் போடு, ஸ்டிக்கரப் போடு. பேச்சில ஒருத்தருக்கும் குழப்பம் இல்ல, ஆனா மேனுவல்ல "இயக்கவும்", "ஊற்றவும்", "பொருத்தவும்", "ஒட்டவும்" எண்டு நாலாப் பிரிச்சா வாசிக்கிறவர் ரெண்டாந்தரம் யோசிக்கத் தேவையில்ல. இப்பிடி ஒரு வினைப் பட்டியல ஒவ்வொரு ஒஃபிஸும் வச்சிருக்கோணும், ஒரு ஐம்பது வினையில இருந்து தொடங்கினாலே போதும்.

பொருள் ரெண்டான சொல்லுக்கு நான் நேரில கண்ட உதாரணம் ஒண்டு சொல்லுறன். எங்களோட சேர்ந்த ஒரு தம்பி, நல்ல கெட்டிக்காரன், சூரியப் படலம் பொருத்துற வழிகாட்டி ஒண்டத் திருத்தினார். அதில கரண்ட் இல்லாமப் போறதுக்கு "மின்தடை" எண்டு இருந்திச்சு. "மின்வெட்டு" எண்டா இன்னும் தெளிவு எண்டு நினைச்சு, ஒரே அமத்தில முழு டொகியுமென்டிலயும் மாத்திப்போட்டார். பின்னிணைப்பில ஒரு அட்டவணை, அதில மின்கம்பிகளிட தடை அளவு, அதுக்கும் "மின்தடை" எண்டுதான் போட்டிருந்திச்சு. அங்க இப்ப "மின்வெட்டு: 47 ஓம்" எண்டு நிக்குது. அச்சுக்குப் போக முதல் இன்னொரு ஆள் பாத்ததால பிடிபட்டுது. அந்தத் தம்பியில பிழை எண்டு நான் நினைக்கல்ல. எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தாம ஒவ்வொண்டாப் பாத்து மாத்தோணும் எண்டு அவருக்கு ஆராவது பக்கத்தில இருந்து காட்டியிருக்கோணும்.

தேடி மாத்திறது பற்றிக் கதைக்கேக்க இன்னொண்டையும் சொல்லாம விட ஏலாது, தமிழ் டைப் பண்ணுற எல்லாருக்கும் நடக்கிறது. "பௌதிக வளங்கள்" எண்டு ஒரு கல்வி ரிப்போர்ட்டில தேடிப் பாத்தன், 11 இடத்தில இருக்கு எண்டு காட்டிச்சு. கண்ணால பக்கம் பக்கமாப் பாத்தா இன்னும் எட்டு இடம். என்ன நடந்ததெண்டா, அந்த எட்டு இடத்தில டைப் பண்ணினவர் ஔகாரக் குறியப் போடாம, "பெ" அடிச்சு பக்கத்தில "ள" எழுத்த அடிச்சிருக்கிறார், அதாவது "பெளதிக". ஸ்க்ரீன்ல பாத்தா "பௌதிக" மாதிரியேதான் தெரியும், வித்தியாசம் பிடிக்க ஏலாது, ஆனா கம்ப்யூட்டருக்கு அது வேற சொல். கௌரவ, மௌனம், சௌகரியம் எல்லாத்திலயும் இதே கதை. எடிட்டர் ஒருத்தர் எந்த டொகியுமென்டத் தொடங்கினாலும் முதல் வேலையா "ெ"க்குப் பின்னால தனி "ள" வாற இடங்களத் தேடிப் பாக்கோணும் எண்டு பழக்கினா எத்தினயோ மணித்தியாலம் மிஞ்சும். வெள்ளம், தெளிவு மாதிரி சரியான சொற்களும் அதில வரும்தான், அதால இதையும் ஒரேயடியா மாத்த ஏலாது, ஒவ்வொண்டாப் பாக்கோணும்.

பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொன்ட்டில வாற ஃபைல்களும் இப்பிடித்தான். அந்த ஃபொன்ட்டில இங்கிலிஷ் எழுத்துகளுக்குரிய இடத்திலதான் தமிழ் எழுத்து இருக்கு, இப்ப எல்லாரும் பாவிக்கிற யுனிகோடு முறைக்கு மாத்தேக்க உண்மையான இங்கிலிஷ் எழுத்தும் சேர்ந்து தமிழாகிரும். கிலோகிராமுக்குப் போடுற கே, ஜீ ரெண்டு எழுத்தும் "மப" எண்டு வந்து நிக்கும். "25 மப சீமெந்து" எண்டு வாசிச்சிட்டு ஒரு பிள்ளை அது ஏதோ தமிழ்ச் சுருக்கமாக்கும் எண்டு நினைச்சு விட்டா அந்தப் பிள்ளையக் குறை சொல்ல என்ன இருக்கு? ஒருத்தர் ஒருக்கா காட்டினாப் போதும், வாழ்நாளுக்கு மறக்காது.

கலைச்சொல்லப் பற்றித் தனிப் புத்தகமே எழுதலாம், சுருக்கமாச் சொல்லுறன். இலங்கைத் தமிழில தொழில்நுட்பம் எழுதுறது நேற்று இன்டைக்குத் தொடங்கினது இல்ல. 1847இல யாழ்ப்பாணத்துக்கு வந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில மேற்கத்திய வைத்தியத்தத் தமிழிலேயே படிப்பிச்சார், மாணவர்களோட சேர்ந்து மருத்துவப் புத்தகங்களத் தமிழாக்கினார், சொற்பட்டியலும் தொகுத்தார். பிறகு பாடசாலைக் கல்வி தாய்மொழிக்கு மாறின காலத்தில விஞ்ஞானச் சொற்கள் எங்களுக்கெண்டு ஒரு வழியில நிலைச்சுது. நாங்க ஒட்சிசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு, இரசாயனவியல், பௌதிகவியல் எண்டு படிச்ச ஆக்கள். தமிழ்நாட்டில ஆக்சிஜன், ஹைட்ரஜன், வேதியியல், இயற்பியல். நிர்வாகத்தில எங்களுக்குத் திணைக்களம், அங்க துறை. ரெண்டும் தமிழ்தான், ரெண்டும் சரிதான், ஆனா மட்டக்களப்பில இருக்கிற ஒரு ஆய்வுகூட உதவியாளருக்குப் போற கையேட்டில ரெண்டும் கலந்து வரக்கூடாது. இப்ப மெஷின் ட்ரான்ஸ்லேஷன்ல போட்டா வாறது பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொல்தான். ஓகஸ்ட் ஆகஸ்ட் ஆகும், திணைக்களம் துறை ஆகும்.

மெஷின் எண்டு சொன்னதால இதையும் சொல்லிரோணும். "இனி எடிட்டர் எதுக்கு, எல்லாம் ஏஐ செய்யுதே" எண்டு கேக்கிற மேனேஜர்மார் கூடிக்கொண்டு வாறாங்க. முந்தி மோசமான மொழிபெயர்ப்பு மோசமா வாசிச்சுது, அதால பிழையிருக்கிற இடம் பளிச்செண்டு தெரிஞ்சுது. இப்ப வாறது சரளமா இருக்கு, பிழை அந்தச் சரளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கு. ஒரு "இல்லை" விடுபட்டிருக்கும், 0.5 எண்டது 5 ஆகியிருக்கும், நிபந்தனை வசனம் ஒண்டு காணாமப் போயிருக்கும், வாசிக்க ஆனா அருமையா இருக்கும். அதனாலதான் மெஷின் தந்தத மனிதர் திருத்துற வேலைக்கெண்டு 2017இல ஐஎஸ்ஓ 18587 எண்டு தனி நியமமே வந்திச்சு. அதுக்கு முதல் 2015இல வந்த மொழிபெயர்ப்புச் சேவை நியமம், ஐஎஸ்ஓ 17100, மொழிபெயர்த்த ஆளத் தவிர ரெண்டாவது ஒரு ஆள் மூலத்தோட ஒப்பிட்டுப் பாக்கோணும் எண்டத கட்டாயமா வச்சிருக்கு. ரெண்டாவது கண் எண்டது சொகுசு இல்ல, நியமம்.

சரி, முறையாப் படிக்கிறதெண்டா எங்க போறது? களனி, யாழ்ப்பாணம் மாதிரிப் பல்கலைக்கழகங்களில மொழிபெயர்ப்புக் கற்கை இருக்கு, அது நல்ல அத்திவாரம். இங்கிலிஷில வேலை செய்யுறவங்களுக்கு வெளிநாட்டுச் சான்றிதழ்கள் இருக்கு, உயிரியல் மருத்துவத்துறை எடிட்டர்மாருக்கெண்டு 1991இல தொடங்கின ஒரு சபை பரீட்சை வச்சுத் தகைமை குடுக்குது, இங்கிலாந்தில எடிட்டர்மாரிட சங்கம் 2020இல அரச பட்டயம் பெற்ற நிறுவனமாச்சு, அவங்கட கோர்ஸ் ஒன்லைன்ல செய்யலாம். கூகிள் தன்ர டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள 2020இல இலவசமா எல்லாருக்கும் திறந்து விட்டுது, அதக் கட்டாயம் பாருங்க, காசில்லாம கிடைக்கிறதில நல்லது. ஆனா காசு கட்டிச் செய்யுறது எங்கட நிலைமையில லேசில்ல. 2022 தொடக்கத்தில 200 ரூபா மாதிரி இருந்த டொலர் மே மாசம் 360ஐத் தாண்டிச்சு, பதிவுக் கட்டணம் கட்டக் காசு சேத்து வச்சிருந்த எத்தின பேர் அந்த வருசம் யோசனைய விட்டிருப்பாங்க. அதோட பெரிய பேரெல்லாம் நிலைக்கும் எண்டும் இல்ல. அமெரிக்காவில 1950களில இருந்து இயங்கின டெக்னிக்கல் கொமியூனிகேஷன் சங்கம், இந்தத் துறையின்ட தாய்வீடு எண்டு சொல்லக்கூடியது, 2025 ஜனவரியில காசில்லாம மூடுப்பட்டுது. அவங்கட சான்றிதழ எடுக்கப் படிச்சுக்கொண்டிருந்த ஆக்கள் நடுத்தெருவில.

அதால நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது ஒண்டுதான், ட்ரெயினிங்கின்ட நடு இடம் ஒஃபிஸுக்குள்ளேயே இருக்கோணும். திருத்தின பக்கம் திருத்தின ஆளிட்டத் திரும்பி வரோணும். இப்ப பெரும்பாலான இடங்களில நடக்கிறது என்னெண்டா, ஜூனியர் திருத்திக் குடுக்கிறார், சீனியர் அதுக்கு மேல திருத்தி நேரா க்ளையன்டுக்கு அனுப்பிப்போடுறார், ஜூனியருக்குத் தான் எங்க பிழைவிட்டன் எண்டு தெரியவே தெரியாது. அடுத்த தரமும் அதையே செய்வார். ரெண்டு வருசம் போனாலும் அவர் ரெண்டு மாச அனுபவத்தோடதான் நிப்பார். கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம், ரெண்டு பேரும் ஒரே ஸ்க்ரீன்ல ஒரு பத்துப் பக்கத்த வச்சுக்கொண்டு ஏன் மாத்தினன், ஏன் மாத்தாம விட்டன் எண்டு கதைச்சாப் போதும். ஏன் மாத்தாம விட்டன் எண்டதுதான் ரெண்டிலயும் முக்கியம், புது ஆக்கள்ட பெரிய வருத்தம் தேவையில்லாம மாத்திறது. அந்த ரெண்டு மணித்தியாலத்தையும் டைம்ஷீட்டில வேலை நேரமாப் போட விடோணும், இல்லாட்டி அது நடக்காது.

அக்கா எனக்குப் பழக்கின இன்னொண்டு சீஆர் கொப்பி. பிழை ஒவ்வொண்டையும் திகதியோட எழுதி, எந்த வகை எண்டு பக்கத்தில குறிக்கோணும், இலக்கம், சொல், ஒழுங்கு, விடுபட்டது எண்டு. மூண்டு மாசத்தில என்ர கொப்பியத் திருப்பிப் பாத்தா பாதிக்கு மேல அலகுப் பிழை, மில்லிலீற்றரும் மில்லிகிராமும். எனக்கு இலக்கணம் படிக்கத் தேவையில்ல, இலக்கத்துக்குப் பக்கத்தில இருக்கிறதத் தனியா ஒருக்கா வாசிக்கோணும் எண்டு அந்தக் கொப்பி சொல்லிச்சு. இன்டைக்கும் நான் எந்த டொகியுமென்டையும் கடைசியில ஒருக்கா அலகுகள மட்டும் பாத்துக்கொண்டு போவன்.

பிறகு, வெளிய போகோணும். மின்சார மேனுவல் திருத்துற ஆள் ஒரு நாளாவது புறக்கோட்டைக்குப் போய் சாமான் விக்கிற கடையில நிண்டு, வாங்க வாற எலெக்ட்ரிஷன்மார் என்ன சொல்லிக் கேக்கிறாங்க எண்டு காது குடுத்துக் கேக்கோணும். கரண்ட் கசிஞ்சா தானா வெட்டி விடுற கருவிய நாங்க மேனுவல்ல எஞ்சிய மின்னோட்டச் சுற்றுடைப்பான் எண்டு எழுதுறம், அத அவங்க ட்ரிப் சுவிட்ச் எண்டுதான் கேப்பாங்க, தமிழரும் சிங்களவரும் முஸ்லிம் ஆக்களும் எல்லாரும். அத அறிஞ்ச எடிட்டர் முதல் தரம் வாற இடத்தில ரெண்டு பெயரையும் சேத்துப் போட்டு, பிறகு எத வச்சு எழுதுறது எண்டு முடிவெடுப்பார்.

கடைசியா, கேள்வி எழுதப் பழக்கிறது. எடிட்டரிட கையெழுத்து எண்டா அது அவர் மூல ஆசிரியரிட்டக் கேக்கிற கேள்விதான். "இது விளங்கவில்லை" எண்டு கொமென்ட் போட்டா ஆசிரியருக்குக் கோபம்தான் வரும், பதில் வராது. "பக்கம் 12இல் 45 லீற்றர், அட்டவணை 3இல் 40 லீற்றர். எது சரி?" எண்டு கேட்டா அஞ்சு நிமிஷத்தில பதில் வரும். ஆசிரியர் ஒரு சொல்லில பதில் சொல்லக்கூடிய மாதிரிக் கேள்விய அமைக்கிறது பழகித்தான் வரும், இதுக்கெண்டு ஒரு வேர்க்ஷொப் வச்சா நானே முதல் ஆளாப் போய் இருப்பன்.

இப்ப நாங்க நாலஞ்சு பேர், வேற வேற ஒஃபிஸில வேலை செய்யுற ஆக்கள், மாசத்தில ஒரு சனிக்கிழம வெள்ளவத்தையில ஒரு வீட்டில கூடுறம். க்ளையன்ட் பேரையும் விபரங்களையும் அழிச்சுப்போட்டு ஆளுக்கு ரெண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக் கொண்டுவரோணும், பென்சில் கொண்டுவரோணும், அவ்வளவுதான் விதி. மின்தடை மாத்தின அந்தத் தம்பியும் வாறவர். போன தரம் அவர் கொண்டுவந்த பக்கத்தில "விண்ணப்பங்கள் பெப்ரவரி 10ஆந் திகதிக்கு முன்னர் கிடைத்தல் வேண்டும்" எண்டு இருந்திச்சு. வசனத்தில அவர் ஒரு எழுத்தையும் மாத்தல்ல. ஓரத்தில பென்சிலால "10ஆந் திகதி கிடைக்கும் விண்ணப்பம் ஏற்கப்படுமா? ஆம் / இல்லை" எண்டு மட்டும் எழுதியிருந்தார். பதில் அண்டைக்கே வந்திட்டுதாம், ஆம் எண்டு. "10ஆந் திகதி அல்லது அதற்கு முன்னர்" எண்டு மாத்தி அனுப்பியிருக்கிறார்.